டிரோன் படத்தில் தென்னை: மஞ்சள் மரத்திலா, கேமராவிலா?

பொள்ளாச்சி, ஆனைமலை, உடுமலை வட்டாரங்களில் நெட்டை ரகத் தென்னை மரங்கள் அறுபது, எழுபது அடிக்கு வளர்ந்து நிற்கின்றன. அவற்றின் கொண்டைப் பகுதியில் என்ன நடக்கிறது என்பது கீழே நிற்பவருக்குத் தெரிவதில்லை. மரம் ஏறத் தெரிந்தவர்களும் அருகி வருகிறார்கள். ஆகவே, கேமரா பொருத்திய சிறிய டிரோனைத் தோப்பின் மேல் பறக்கவிட்டு, மட்டைகளையும் குருத்தையும் வீடியோ எடுத்துப் பார்க்கும் வழக்கம் கொங்குப் பகுதியில் பரவி வருவது வரவேற்கத்தக்கதே. மருந்து தெளிக்கும் பெரிய டிரோன் வேறு. இங்கு நாம் பேசுவது படம் எடுக்கும் சிறிய கருவியைப் பற்றி.

இதில் ஒரு தொல்லை உண்டு. வீடியோவில் தெரியும் நிறத்தை மரத்தின் நிறம் என்றே நம்பிவிடுகிறோம். தென்னையில் நிறம் என்பது சாதாரண விஷயம் அன்று. கேரள வாடல் நோய் எனப்படும் வேர் வாடல் நோய் எல்லை தாண்டி ஆனைமலை, பொள்ளாச்சிப் பகுதிகளுக்குள் வந்து சில ஆண்டுகள் ஆகின்றன. அதன் அறிகுறிகளில் ஒன்று ஓலை மஞ்சளாவது. இந்தியாவிலேயே முதன்முதலாக 2016இல் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயோ, ஓலையின் மேல் கரும்பூசணம் படியக் காரணமாகிறது. ஒன்று மஞ்சள், மற்றது கறுப்பு. இந்த இரண்டு நிறங்களையும் மரத்தில் இல்லாதபோதே காட்டவும், இருக்கும்போது மறைக்கவும் கேமராவால் முடியும்.

சென்ற கோடையில் ஆனைமலைப் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர் தம் கைபேசியில் இருந்த வீடியோவைக் காட்டி, "மரமெல்லாம் மஞ்சளாப் போச்சுங்கய்யா, வெட்டிப்போட ஏற்பாடு பண்ணிட்டனுங்க" என்றார். நாற்பதுக்கு மேற்பட்ட மரங்களுக்கு வியாபாரியிடம் விலையும் பேசியாகிவிட்டது. வீடியோ எடுக்கப்பட்டது மாலை ஐந்தரை மணிக்கு மேல். கேமராவின் எல்லா அமைப்பும் தானியங்கியில் இருந்தது. அவருடைய கைபேசியிலோ கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மஞ்சள் ஒளி போடும் வசதி இயக்கப்பட்டிருந்தது. மறுநாள் தோப்பில் நேரில் பார்த்தபோது வாடல் குறி தெரிந்த மரங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே. மேலும் சில மரங்கள் சாம்பல்சத்துக் குறையால் அடிமட்டைகள் மட்டும் வெளிறியவை. மற்றவற்றுக்கு ஒரு குறையும் இல்லை. தென்னம்பிள்ளை வைத்துக் காய்ப்புக்குக் கொண்டுவர எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதைத் தோப்புக்காரர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

கருவி எப்படி நிறத்தைப் பார்க்கிறது?

கேமராவின் உள்ளே விரல் நகத்தை விடச் சற்றே பெரிய அல்லது சிறிய ஒளி உணர்வுத் தகடு ஒன்று இருக்கிறது. அதில் லட்சக்கணக்கான நுண்ணிய கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றில் ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி உண்டு. கோடாக் நிறுவனத்து விஞ்ஞானி பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. கட்டங்களில் பாதி பச்சைக்கும், கால்வாசி சிவப்புக்கும், கால்வாசி நீலத்துக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். இன்றும் பெரும்பாலான கேமராக்கள் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று வள்ளங்கள் வைத்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். தென்னை ஓலையிலிருந்து வரும் ஒளியைக் கேமரா இந்த மூன்றிலும் அளக்கிறது. நல்ல ஓலையிலிருந்து பச்சை ஒளி அதிகமாகவும், சிவப்பு அதைவிடக் குறைவாகவும், நீலம் மிகக் குறைவாகவும் வரும். வள்ளம் ததும்பாதவரை இந்த விகிதம் சரியாகப் பதிவாகும். ஒளி அதிகமானால் முதலில் நிரம்புவது பச்சை வள்ளம். அதற்கு மேல் கொட்டினாலும் வழிந்துதான் போகும். ஆனால் சிவப்பு வள்ளம் தொடர்ந்து நிரம்பிக்கொண்டே வரும். பச்சையும் சிவப்பும் சம அளவுக்கு நெருங்கினால் திரையில் தெரிவது மஞ்சள். ஆக, எந்த நோயும் இல்லாத பச்சை ஓலை, ஒளி மிகுந்து பதிவானால் மஞ்சளாகவே தெரியும். பிறகு எந்த மென்பொருளைக் கொண்டும் அதை மீட்க முடியாது. வழிந்துபோன நெல்லை அளக்க முடியுமா?

தானியங்கியில் விட்டால் கேமரா படம் முழுவதையும் சராசரியாக்கி, நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது. தோப்பை மேலிருந்து பார்த்தால் மரங்களுக்கு இடையே கரிய நிழல் நிறைய இருக்கும். அதைக் கண்ட கேமரா, படம் இருட்டாக இருக்கிறது என்று ஒளியைக் கூட்டிவிடும். நிழல் தெளிவாகும். வெயில் படும் மேல்மட்டைகளோ வெளிறி மஞ்சளாகும். டிரோன் தோப்பைத் தாண்டி, வெயிலில் பளபளக்கும் காய்ந்த தரைக்குப் போனால் இதற்கு நேர்மாறு. வரப்போரத்து மரங்கள் கறுத்துப்போய், கரும்பூசணம் படிந்தவை போலக் காட்சியளிக்கும்.

ஒளியின் அளவு

டிரோனுடன் வரும் கைபேசிச் செயலியில் எக்ஸ்போஷர் என்ற பகுதியை ஆட்டோவிலிருந்து மேனுவலுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். ஐ.எஸ்.ஓ. என்னும் உணர்திறன் எண்ணை 100இல் வைத்து, அதைத் தொடாமல் விட்டுவிடலாம். எண் கூடக் கூடப் படத்தில் பொரிப்பொரியாக நிறத் திட்டுகள் தோன்றும். அவற்றை இலைப்புள்ளி நோயாக எண்ணியவர்களும் உண்டு. அடுத்து ஷட்டர் வேகம். எஃப் 2.8 அளவு துவாரமுள்ள கேமராவில், ஐ.எஸ்.ஓ. 100இல், நல்ல வெயிலில் நொடியில் 2000 முதல் 3200இல் ஒரு பங்கு என்ற வேகம் ஏறக்குறையப் பொருந்தும். எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. செயலியில் ஜீப்ரா அல்லது ஓவர்எக்ஸ்போஷர் எச்சரிக்கை என்ற வசதி இருந்தால் இயக்கிவிடுங்கள். ஒளி மிகுந்த இடங்களில் வரிக்குதிரை போலக் கோடுகள் ஓடும். வெயில் படும் மட்டைகளில் அந்தக் கோடுகள் மறையும்வரை ஷட்டர் வேகத்தைக் கூட்டி, அங்கேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். படம் சற்று மங்கலாகத் தெரிந்தால் பாதகமில்லை. மேனுவல் வசதி இல்லாத சிறு கருவிகளில் எக்ஸ்போஷர் ஈடு என்ற அளவைச் சுழிக்குக் கீழே, 0.3 அல்லது 0.7 குறைத்து வைப்பது ஓரளவு கைகொடுக்கும். பூட்டுப் படம் போட்ட பொத்தான் இருந்தால், ஒளி சரியாக அமைந்த பிறகு அதை அழுத்திவிட வேண்டும்.

இங்கே ஒரு வார்த்தை. படம் எடுப்பவர்கள் கேமராவுக்கு முன் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி ஒன்றைப் பொருத்துவார்கள். நொடிக்கு 25 படங்கள் எடுக்கும்போது ஷட்டர் வேகம் ஐம்பதில் ஒரு பங்காக இருந்தால் அசைவு இதமாகத் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. சினிமாவுக்கு அது சரி. நமக்கு ஓலை ஓலையாகத் தெளிவு வேண்டும். அசைவின் அழகு வேண்டியதில்லை. வெயிலில் தோப்பைச் சோதிக்க அந்த வடிகட்டி அவசியமற்றது. பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் கண்ணாடியும் அப்படியே. டிரோன் திரும்பத் திரும்ப அதன் விளைவு மாறுவதால், ஒரு மரத்தை இன்னொரு மரத்தோடு ஒப்பிட முடியாமல் போகும்.

வெண்மைச் சமன்

ஒயிட் பேலன்ஸ் என்று செயலியில் காணப்படுவதுதான் இயற்கை நிறத்துக்கு மிக முக்கியமான திருகு. நிறத்தைக் கெடுப்பதில் முதலிடம் இதன் தானியங்கி நிலைக்கே.

வெயிலில் வெள்ளைத் தாளைப் பார்த்தாலும், மண்ணெண்ணெய் விளக்கில் பார்த்தாலும் நம் கண்ணுக்கு அது வெள்ளையாகவே படுகிறது. மூளை கணக்குப் போட்டுச் சரிசெய்துவிடுகிறது. கேமராவுக்கு அந்த அறிவு இல்லை. எனவே அது ஓர் ஊகம் செய்கிறது. படத்தில் உள்ள நிறங்களை எல்லாம் கலந்தால் ஏறக்குறையச் சாம்பல் நிறம் வரவேண்டும் என்பது அந்த ஊகத்தின் அடிப்படை. வீடு, சாலை, மனிதர் என்று கலவையான காட்சிக்கு இது பொருந்தும். படம் முழுவதும் தென்னை மட்டையாக இருந்தால்? பச்சை அளவுக்கு மிஞ்சி ஏறிவிட்டது என்று கேமரா எண்ணி, அதற்கு எதிரான இளஞ்சிவப்பைக் கலக்கிறது. பச்சை மங்கிப் பழுப்போடும். டிரோன் செம்மண் உழவுக்காட்டின் பக்கம் திரும்பியதும் சிவப்பு அதிகம் என்று எண்ணி நீலத்தையும் பச்சையையும் கூட்டுகிறது. அதே மரம் இப்போது கரும்பச்சை. ஒரே வீடியோவில், ஒரே மரம், இரண்டு நிறம். மரத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆகவே ஒயிட் பேலன்ஸை மேனுவலில் வைத்து, ஓர் எண்ணில் நிறுத்திவிட வேண்டும். இந்த எண்ணின் அளவு கெல்வின். ஒளியின் நிறத்தைக் குறிப்பது இது. பழைய குண்டு பல்பின் மஞ்சள் ஒளி 2800 கெல்வின் அளவு. நடுப்பகல் வெயில் 5500. மேகம் மூடிய வானம் 6000 முதல் 6500. நிழலில் விழும் நீலவான் ஒளி 7000க்கும் மேல். தெளிந்த வெயிலில் தோப்பைப் படம் எடுக்க 5500 என்று வைத்துக்கொண்டால் போதும். மேகமூட்டமாக இருந்தால் 6500. படம் எடுத்து முடியும்வரை அதை மாற்றக்கூடாது.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஒளியைப் பொறுத்தவரை எண் உயர உயர நீலம் கூடுகிறது. ஆனால் கேமராவில் அந்த எண்ணை உயர்த்தினால் படம் மஞ்சளாகிறது! காரணம் எளிது. 7500 என்று நாம் வைத்தால், ஒளி நீலமாக இருப்பதாகக் கேமராவுக்குச் சொல்கிறோம். அதை ஈடுகட்ட அது மஞ்சளைச் சேர்க்கிறது. தெளிந்த வெயிலில் 7500 வைத்து எடுத்தால் நல்ல தோப்பும் நோய்த்தோப்பாகும். 4000 வைத்து எடுத்தால் படத்தில் நீலம் ஏறி, மெய்யான மஞ்சளும் மறைந்துபோகும். இரண்டாவது முதலாவதைவிட ஆபத்தானது என்பது என் கருத்து. பொய் மஞ்சளைக் கண்டு பயந்தவர் மரத்தடிக்குப் போய்ப் பார்க்கவாவது செய்வார்.

அலங்காரம் வேண்டாம்

நிறச் செறிவு, மாறுபாடு, கூர்மை என்று மேலும் மூன்று அளவுகள் பல கருவிகளில் இருக்கும். எல்லாவற்றையும் சுழியில் வையுங்கள். விவிட் என்ற நிறம் கூட்டும் நிலை வேண்டாம். நார்மல் போதும்.

நம் ஊர்களில் டிரோன் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கல்யாண வீடியோ எடுப்பவர்கள். தோப்பைப் பார்க்கவும் அவர்களையே அழைக்கிறோம். அவர்கள் வேலைத்திறனில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர்களில் பலர் லாக் என்ற நிலையில் படம் எடுத்து, பிறகு கணினியில் நிறம் ஏற்றுவது வழக்கம். லாக் நிலையில் எடுத்த படம், நிறம் ஏற்றுவதற்கு முன் சாம்பல் பூத்து வெளிறித்தான் தெரியும். அதை அப்படியே பார்த்தால் தோப்பே சத்திழந்தது போல இருக்கும். நிறம் ஏற்றிய பிறகோ, சினிமா பாணியில் பச்சையை ஒலிவ நிறமாகவும் வெயிலைப் பொன்னிறமாகவும் ஆக்கியிருப்பார்கள். மணமேடைக்கு அது அழகு, தோப்புக்கு ஆகாது. "நார்மலில் எடுங்க, நிறம் ஒண்ணும் ஏத்தாமக் குடுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கூடவே, வீடியோவோடு சில நிழற்படங்களையும் ரா என்னும் மூலப்பதிவு முறையில் எடுத்துத் தரச் சொல்லுங்கள். சாதாரண வீடியோவில் வெண்மைச் சமன் தவறிப்போனால் முழுமையாகத் திருத்த இயலாது. மூலப்பதிவில் எடுத்த நிழற்படத்தில் பின்னரும் திருத்திக்கொள்ளலாம்.

எப்போது, எந்தப் பக்கத்திலிருந்து?

நெல்லுக்கு மேலுரமாகத் தழைச்சத்து இட இலைவண்ண அட்டையைப் பயன்படுத்தும் விவசாயிகளுக்கு இதை விளக்குவது எளிது. காலை 8 மணி முதல் 10 மணிக்குள் பார்க்க வேண்டும், மேலிருந்து மூன்றாவது முழுதாக விரிந்த இலையைப் பார்க்க வேண்டும், வயலில் பத்து இடங்களில் பார்க்க வேண்டும், இலையின் மேல் நேர்வெயில் படாமல் உடம்பின் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஒருவரே பார்க்க வேண்டும் என்று சொல்கிறோம். ஒளியும் கண்ணும் மாறினால் பச்சையும் மாறும் என்பதே இந்த நிபந்தனைகளுக்கெல்லாம் காரணம். டிரோனுக்கும் அதே நியாயம்.

காலை 9 மணி முதல் பத்தரை வரையிலும், பிற்பகல் 2 மணி முதல் மூன்றரை வரையிலும் ஏற்ற நேரம். அதிகாலையிலும் அந்தியிலும் ஒளியில் செம்மஞ்சள் ஏறியிருக்கும். உச்சிவேளையும் சரிப்படாது. கோயமுத்தூர் வட்டாரத்தில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் சரியாகப் பன்னிரண்டுக்கு அன்று, பன்னிரண்டே கால், பன்னிரண்டரை வாக்கில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நம் தலைக்கு நேர்மேலே நிற்கும். அந்த நேரத்தில் நேர்கீழாகப் படம் எடுத்தால், டிரோனின் நிழல் விழும் இடத்தைச் சுற்றி ஒரு வெளிச்சத் திட்டு தோன்றும். அதில் அகப்படும் மரம் மட்டும் வெளிறித் தெரியும்.

சூரியன் டிரோனுக்குப் பின்புறம் இருக்கட்டும். காலையில் எடுப்பதானால் தோப்பின் கிழக்குப் பக்கம் நின்று மேற்கே பார்க்க வேண்டும். சூரியனை எதிர்நோக்கிப் பார்த்தால் வெயில் ஓலையை ஊடுருவிக்கொண்டு கேமராவுக்கு வரும். பச்சை ஓலையும் தளதளவென்று மஞ்சள் பச்சையாக மின்னும். ஒரே மரத்தை இரு பக்கமும் சுற்றி எடுத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

கேமராவை நேர்கீழாக வைப்பதை விட ஏறக்குறைய 45 பாகை சாய்த்து வைப்பது மேல். வெள்ளை ஈக்கள் ஓலையின் அடிப்பக்கத்தில் இருந்து சாறு உறிஞ்சுகின்றன. அவை கழிக்கும் தேன் போன்ற கழிவு கீழ்மட்டைகளின் மேற்பரப்பில் சொட்டி, அதில்தான் கரும்பூசணம் வளர்கிறது. நேர்மேலிருந்து பார்த்தால் அந்தக் கீழ்மட்டைகள் மேல்மட்டைகளின் நிழலுக்குள் இருக்கும். நிழலின் கறுப்பா, பூசணத்தின் கறுப்பா என்று பிரிக்க முடியாது. சாய்த்து, வெயில் படும் பக்கத்திலிருந்து எடுத்தால் பூசணம் படிந்த ஓலை மட்டும் பளபளப்பின்றிக் கரி பூசினாற்போலத் தனித்துத் தெரியும். கொண்டைக்கு மேல் முப்பது, நாற்பது அடி இடைவெளி விட்டு, நடக்கும் வேகத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பறந்தால் போதும். நெருங்கிப் பறந்தால் இறக்கைக் காற்றில் மட்டைகள் ஆடும். மின்கம்பியும் கவனத்தில் இருக்கட்டும்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் நாட்களில் பொள்ளாச்சிப் பக்கம் மேகம் ஓடிக்கொண்டே இருக்கும். நிமிடத்துக்கு ஒரு வெயில், ஒரு நிழல். அப்படிப்பட்ட நாளில் படம் எடுப்பதைத் தள்ளிப்போடுவதே நல்லது. வானம் முழுவதும் ஒரே சீராக மூடியிருந்தால் மாத்திரம் தயங்க வேண்டாம். நிழலும் பளபளப்பும் இல்லாத அந்த ஒளி நிறம் பார்க்க மிக உகந்தது. கெல்வினை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாம்பல் அட்டையும் சாட்சி மரமும்

மேலே சொன்னதெல்லாம் செய்த பிறகும் படத்தின் நிறம் மெய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு ஒரு சாட்சி வேண்டும்.

நிழற்படக் கருவிகள் விற்கும் கடைகளில் சாம்பல் அட்டை என்று கேட்டால் கிடைக்கும். எந்த நிறச் சாயலும் இல்லாத சாம்பல் அது. களத்துமேட்டில் நல்ல வெயில் படும் இடத்தில் அதைத் தரையில் வைத்து, டிரோன் ஏறியதும் ஆளுயரத்துக்குச் சற்று மேலிருந்து சில நொடிகள் படம் எடுக்க வேண்டும். இறங்கும் முன் மறுபடியும் ஒருமுறை. டிரோனின் நிழல் அட்டையில் விழக்கூடாது. மரத்தடியிலும் அட்டையை வைக்கக்கூடாது. ஓலைகளில் பட்டு வரும் ஒளியில் பச்சை கலந்திருக்கும். பிறகு வீடியோவைப் பார்க்கும்போது முதலில் அட்டையைப் பாருங்கள். அது சாம்பலாகவே இருந்தால் மரத்தின் நிறத்தையும் நம்பலாம். அட்டையே மஞ்சளாக இருந்தால் மரத்தின் மஞ்சளைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை. முதல் அட்டையும் கடைசி அட்டையும் வேறுபட்டால் இடையில் ஒளி மாறிவிட்டது என்று அறியலாம்.

அட்டைக்குப் பதில் வேட்டியை விரித்தால் ஆகாதா என்று கேட்கிறார்கள். ஆகாது. சலவை நீலமும், சோப்புத் தூளில் கலக்கும் பளபளப்பு ஊட்டும் பொருளும் வேட்டியின் வெண்மையை நீலத்துக்கு இழுத்திருக்கும். கண்ணுக்கு அது வெள்ளை, கேமராவுக்கு நீலம்.

அதோடு, தோப்பில் நல்ல காய்ப்புள்ள, நோயற்ற மரம் ஒன்றைத் தேர்ந்து, வண்ணம் பூசி அடையாளம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் முதலில் அந்த மரத்தையே படம் எடுக்க வேண்டும். மார்ச் மாதப் படத்தையும் செப்டம்பர் மாதப் படத்தையும் ஒப்பிடும்போது இந்தச் சாட்சி மரம் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற மரங்களுக்குப் போக வேண்டும்.

இதெல்லாம் அதிகப்படியான கெடுபிடி என்று எண்ண வேண்டாம். அகச்சிவப்புக் கதிரையும் சேர்த்துப் பதிவுசெய்யும் விலையுயர்ந்த பல்பட்டைக் கேமராக்களைப் பயன்படுத்தும் ஆராய்ச்சியாளர்களும், ஒளித்திருப்பம் அளந்து குறிக்கப்பட்ட ஒரு பலகையைப் பறப்பதற்கு முன்னும் பின்னும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். நம் அட்டை அந்தப் பலகையின் ஏழைப் பங்காளி.

தென்னைக்கும் வான்படத்துக்கும் உள்ள உறவு நம் நாட்டில் பழமையானது. இந்தியத் தொலையுணர்வு ஆராய்ச்சியின் தொடக்கமே இந்த வாடல் நோயில்தான். 1970ஆம் ஆண்டளவில் பேராசிரியர் பி.ஆர். பிஷாரடியும் அவருடன் பணிபுரிந்த விண்வெளி ஆராய்ச்சியாளர்களும் ஹெலிகாப்டரிலிருந்து கேரளத்துத் தென்னந்தோப்புகளை அகச்சிவப்பு வண்ணப் படச்சுருளில் படம் பிடித்தார்கள். அந்தச் சுருளில் நலமான ஓலை சிவப்பாகவும், நோயுற்றது மங்கியும் விழும். நிறம் மாறித்தான் விழும் என்பது படத்தைப் படித்தவர்களுக்குத் தெரிந்திருந்ததால் அவர்கள் ஏமாறவில்லை. இன்றைய டிரோன் வீடியோவோ பார்வைக்கு மெய் போலவே இருக்கிறது. சாதாரண டிரோன் கேமராவில் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உண்டு என்பதால், கண்ணுக்குத் தெரியாத ஆரம்ப நோயை அது காட்டிவிடும் என்றும் எதிர்பார்க்கக்கூடாது.

பார்க்கும் திரை

கைபேசியில் கண் பாதுகாப்பு, இரவு ஒளி என்ற பெயர்களில் வரும் வசதியை நிறுத்திவிட்டுத்தான் படத்தைப் பார்க்க வேண்டும். திரை நிற அமைப்பில் விவிட் இருந்தால் நேச்சுரலுக்கு மாற்றவும். வெயிலில் நின்று பார்க்காமல் நிழலில் உட்கார்ந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அளவு சுருங்கும்போது நிற நுணுக்கமும் போய்விடும். டாக்குமெண்ட் என்ற முறையில் மூலக்கோப்பாக அனுப்பினால் அப்படியே வந்து சேரும்.

மஞ்சள் எல்லாம் வாடல் அன்று

நிறம் சரியாகப் பதிவாகி, மஞ்சள் மெய்தான் என்று தெரிந்த பின்னும் அவசரம் கூடாது. சாம்பல்சத்துக் குறையில் அடிமட்டைகளில் ஆரஞ்சுப் புள்ளிகளும் நுனிக்கருகலும் காணும். மக்னீசியம் குறைந்தால் அடிமட்டை ஓலைகளின் ஓரம் மஞ்சளாகி, நடுநரம்பை ஒட்டிப் பச்சை மிஞ்சும். தழைச்சத்துக் குறையில் மரமே சீராக வெளிறும். தஞ்சாவூர் வாடல் எனப்படும் அடித்தண்டழுகலில் வெளிமட்டைகள் மஞ்சளாகித் தொங்கும். ஆனால் தண்டின் அடியில் செம்பழுப்புச் சாறு வடிந்திருக்கும். அது டிரோனுக்குத் தெரியாது, குனிந்து பார்ப்பவருக்கே தெரியும்.

கேரள வாடலில் நிறத்தை விட வடிவமே நம்பகமான குறி. ஓலைகள் விறைப்பிழந்து துவண்டு, உட்புறமாக வளைந்து, விலா எலும்பு வரிசை போலத் தோன்றும். இதோடு மஞ்சளும் ஓரக்கருகலும் சேர்ந்திருந்தால் ஐயப்பட வேண்டும். இந்த வளைவைக் காண, நேர்கீழ்ப் படத்தை விட, கொண்டையின் மட்டத்துக்கே டிரோனை இறக்கிப் பக்கவாட்டில் எடுத்த படம் உதவும். பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் வந்து, கண்ணாடி இறக்கைப் பூச்சியாலும் தத்துப்பூச்சியாலும் பரவும் இந்நோய் மரத்தை உடனே கொல்வதில்லை. சிறிது சிறிதாகக் காய்ப்பைக் குறைக்கும். நோய் முற்றி, ஆண்டுக்குப் பத்துக் காய் கூடத் தராத மரங்களையே அகற்றச் சொல்கிறோம். நோய் தொட்ட மரமெல்லாம் வெட்ட வேண்டியது அன்று. சமச்சீர் உரம், தொழு உரம், நீர் நிர்வாகம் இவற்றால் காய்ப்பைத் தக்கவைத்துக்கொள்ளக் கூடிய மரங்கள் பல.

கரும்பூசணத்துக்கும் அவசரப்பட்டுப் பூச்சிமருந்து தெளிக்க வேண்டாம். வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா குளவிகள் அதனால் மடியும். ஒரு லிட்டர் நீருக்கு 25 கிராம் மைதா மாவுக் கஞ்சி கலந்து தெளித்தால் பூசணம் காய்ந்து உதிரும். மறுமுறை எடுக்கும் படத்தில் ஓலையின் பச்சை வெளிப்பட்டிருப்பதைக் காணலாம்.

பறக்கவிடுமுன் கவனிக்க வேண்டியது: 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்படாத நேனோ டிரோனுக்கும், வணிக நோக்கமின்றி இயக்கும் 2 கிலோ வரையிலான மைக்ரோ டிரோனுக்கும் இயக்குநர் சான்றிதழ் தேவையில்லை. வாடகைக்கு வருபவர் 250 கிராமுக்கு மேற்பட்ட கருவி வைத்திருந்தால் சான்றிதழ் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை மண்டலத்தில் உயர வரம்பு 400 அடி. பீளமேடு விமான நிலையமும் சூலூர் விமானப்படைத் தளமும் நம் மாவட்டத்தில் இருப்பதால், அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் அரசின் வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் டிரோனை எடுக்கவே கூடாது.

ஐயத்துக்குரிய மரங்களைப் படத்தில் கண்டால், அவற்றை எண்ணிட்டுக் குறித்துக்கொண்டு, ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்தையோ அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். வரும்போது சாம்பல் அட்டை பதிவான மூல வீடியோ, சாட்சி மரத்தின் படம், ஐயத்துக்குரிய மரத்தின் நடுமட்டை ஓலைகள் சில, கடைசியாக உரமிட்ட விவரம் ஆகியவற்றையும் கொண்டு வந்தால், ஒரே நடையில் வேலை முடியும்.